பொன்னேரி வரை ரயில், அதற்குப் பிறகு?

செவ்வாய்க்கிழமை சிறுவாபுரிக்குப் போகிறவர்கள் முருகனிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே வரத்தைத்தான்: சொந்த வீடு. ஆறு செவ்வாய் தொடர்ந்து வந்து கும்பிட்டால் வீட்டு யோகம் கூடிவரும் என்பது நம்பிக்கை. 2022 ஆகஸ்டில் குடமுழுக்கு நடந்த பிறகு கூட்டம் இன்னும் பெருகிவிட்டது. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையை விட்டுச் சின்னம்பேடு கிராமத்துக்குத் திரும்பும் சாலையோ, டிராக்டரும் டவுன் பஸ்ஸும் ஒன்றுக்கொன்று ஒதுங்கி வழிவிட்டுப் போவதற்காகப் போட்டது. அதில் செவ்வாய்தோறும் கார்கள் வரிசைகட்டி நிற்கின்றன. வீடு கேட்டு வந்தவர்கள் சந்நிதிக்குப் போகுமுன் கொஞ்ச நேரம் காரிலேயே குடியிருக்க வேண்டியிருக்கிறது.

இந்த நெரிசலுக்குச் சில கிலோமீட்டர் தள்ளித்தான் மின்சார ரயில் ஓடுகிறது. சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் ஏறினால் பொன்னேரிக்கு 10 ரூபாய் டிக்கெட். கும்மிடிப்பூண்டி லோக்கலில் தினமும் போகிற தொழிலாளர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் இது தெரியாத விஷயமில்லை. ஊர் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்குத்தான் ஏனோ ரயில் கண்ணில் படுவதில்லை. விடுமுறை என்றால் கார், சொந்தக் கார் இல்லையென்றால் வாடகைக் கார் என்றாகிவிட்டது. காரை வீட்டில் விட்டுவிட்டுத் திருவள்ளூர் மாவட்டத்தைச் சுற்றிப் பார்க்க முடியுமா? முடியாதென்றால் எது தடுக்கிறது?

ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகள் இந்தக் கேள்விக்கு நெடுங்காலமாக விடை தேடிவருகின்றன. சுவிட்சர்லாந்தின் செர்மாட்டை எடுத்துக்கொள்ளலாம். மேட்டர்ஹார்ன் சிகரத்தின் அடிவாரத்தில், 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊருக்குள் பெட்ரோல், டீசல் கார்கள் நுழைய முடியாது. காரில் வருகிறவர்கள் சுமார் 5 கிலோமீட்டர் முன்னதாக, டேஷ் என்ற ஊரிலேயே வண்டியை நிறுத்திவிட்டு ரயிலேற வேண்டும். பன்னிரண்டு நிமிடப் பயணம். ஊருக்குள் ஓடுபவை சிறிய மின்சார வண்டிகளும் குதிரை வண்டிகளும்தான். வெங்கன் என்ற மற்றொரு மலையூருக்கும் பல்சக்கர ரயிலில்தான் போக முடியும்.

இந்த ஊர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் 'தடை' என்ற ஒன்றையே பெரிதாகச் சொல்வார்கள். நடந்த வரிசை வேறு. செர்மாட்டுக்கு ரயில் வந்தது 1891இல். கார் என்ற பொருள் மக்கள் கைக்கு வருவதற்கு முன்பே அங்கே ரயில் நிலைகொண்டுவிட்டது. பிறகு வந்த காரை ஊர் உள்ளே விடவில்லை, அவ்வளவுதான். இன்னொரு முக்கியமான ஆண்டு 1982. அந்த ஆண்டில்தான் சுவிட்சர்லாந்து தன் ரயில்களை ஒரே சீரான கால இடைவெளியில், ஒவ்வொரு மணிக்கும் அதே நிமிடத்தில் புறப்படும்படி மாற்றி அமைத்தது. மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து மலைக்கிராமத்துக்குக் கிளம்பும் நேரம் ரயில் வந்து சேரும் நேரத்தோடு கோத்துக் கட்டப்பட்டிருக்கிறது. ரயிலிலிருந்து இறங்குகிறவர் அட்டவணையைப் புரட்ட வேண்டியதில்லை. எதிரே வண்டி நிற்கும். அந்நாட்டின் மலையழகை எந்த ஊரும் இறக்குமதி செய்ய முடியாது. இந்தக் கால ஒழுங்கை மட்டும் எந்த ஊரும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பகுதியில் உள்ள வெர்ஃபன்வெங் என்ற சிற்றூர் தடை எதையும் போடாமல் ஆசைகாட்டியது. ரயிலில் வரும் விருந்தினர்களுக்கும், காரில் வந்தாலும் சாவியை ஒப்படைத்துவிடச் சம்மதிப்பவர்களுக்கும் ஓர் அட்டை கிடைக்கும். அதைக் காட்டினால் ரயில் நிலையத்திலிருந்து அழைத்துவர வண்டி உண்டு, ஊருக்குள் சுற்ற மின்சார வாகனமும் சைக்கிளும் உண்டு. இப்படிப்பட்ட ஊர்கள் சேர்ந்து 2006இல் 'ஆல்பைன் பேர்ல்ஸ்' என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. அங்கே பயணி சில நாட்களாவது தங்குகிறார். அவர் தங்கும் விடுதி மூலமாகவே அட்டையும் போக்குவரத்துச் செலவும் கைக்கு வந்துவிடுகின்றன. திருவள்ளூர் பக்கம் வருகிறவரோ காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர். அந்த அட்டையை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டினால் ஒட்டாது.

நம் நாட்டிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. மகாராஷ்டிரத்தின் மாத்தேரான் மலையூரில் மோட்டார் வாகனத்துக்கு அனுமதியில்லை. 2003இல் மத்திய அரசு அதைச் சுற்றுச்சூழல் கூருணர்வு மண்டலமாகவும் அறிவித்தது. தஸ்தூரி நாக்காவில் காரை நிறுத்திவிட்டு நடக்கலாம், குதிரையில் போகலாம், 1907 முதல் ஓடும் நேரல்–மாத்தேரான் குட்டி ரயிலிலும் வரலாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கார் இல்லாத அந்த ஊரில் மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்‌ஷா நேற்று வரை ஓடியது. ஆறு மாதத்துக்குள் அதை நிறுத்த வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, அந்தத் தொழிலாளர்களுக்கு மின்ரிக்‌ஷாவை மாற்றாகக் காட்டியது. புகை இல்லாத பயணம் என்பதாலேயே அது நியாயமான பயணம் ஆகிவிடாது.

தமிழ்நாட்டில் பெரிய சோதனை நடப்பது நீலகிரியிலும் கொடைக்கானலிலும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் இறுதி வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 சுற்றுலா வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் போடப்பட்டது. கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. நல்ல முடிவுதான். ஆனால் வரம்புக்குள் இடம் கிடைத்தவர் காரோடு போகிறார், கிடைக்காதவர் வேறு மலைக்குக் காரைத் திருப்புகிறார். எண்ணிக்கை குறைகிறதே தவிர, பயணம் செய்யும் விதம் மாறுவதில்லை. சபரிமலையில் 2018க்குப் பிறகு நடப்பது இதைவிட ஒரு படி மேல். பெரும்பாலான தனியார் வாகனங்கள் நிலக்கல்லில் நிற்க, அங்கிருந்து பம்பைக்குக் கேரள அரசுப் பேருந்துகள் தொடர்ச்சியாக ஓடுகின்றன. காரை நிறுத்தச் சொன்ன இடத்திலேயே பேருந்தும் நிற்கிறது. டேஷில் சுவிட்சர்லாந்துக்காரர்கள் செய்ததும் இதைத்தான்.

சரி, திருவள்ளூர் மாவட்டத்துக்கு வருவோம். இங்கே பள்ளத்தாக்கும் இல்லை, ஒரே வாசல் வைத்துப் பூட்டிவிடக் கூடிய மலையூரும் இல்லை. நாட்டின் முக்கியமான நெடுஞ்சாலைகளில் ஒன்று நடுவே போகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்காலைகள் இருக்கின்றன. கடலோரத்தில் எண்ணூர் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும். மீஞ்சூர், பொன்னேரி சாலைகளில் கன்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லர் லாரிகள் இரவு பகல் பார்ப்பதில்லை. 'சைக்கிளில் போய்ப் பாருங்கள்' என்று ஐரோப்பியச் சுற்றுலாக் கையேடு எழுதுவதுபோல் எழுதினால் அது பொறுப்பில்லாத யோசனை. ட்ரெய்லரின் பின்சக்கரத்துக்கு அருகில் சைக்கிளை ஓட்டிப் பார்த்தவர்கள் அந்த யோசனையைச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் வேறொரு செல்வம் இந்த மாவட்டத்துக்கு உண்டு: ரயில். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டபோது, அது திருவள்ளூர் வழியாகத்தான் போனது. செர்மாட்டுக்கு ரயில் வருவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே திருவள்ளூருக்கு வந்துவிட்டது என்பதைச் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். வடக்கே கூடூர் பக்கம் போகும் பாதை அந்த நூற்றாண்டின் இறுதியில் வந்தது. இன்று மேற்கே ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர், கடம்பத்தூர், திருவாலங்காடு வழியாக அரக்கோணம், திருத்தணி வரை மின்சார ரயில். வடக்கே எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திரத்தின் சூலூர்பேட்டை வரை மின்சார ரயில். மாவட்டத்தின் பெரும்பாலான சுற்றுலா இடங்கள் இந்த இரண்டு பாதைகளை ஒட்டியே இருக்கின்றன.

கார் இல்லாத விடுமுறைப் பயணம் இங்கே புதுக் கொள்கையும் அல்ல. அமாவாசைக்கு அமாவாசை திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்துக்கு முதல் லோக்கலில் வந்து இறங்கும் கூட்டம் எந்தச் சூழலியல் அறிக்கையையும் படித்துவிட்டு வருவதில்லை. திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்கு ரயில்வே சிறப்பு ரயில் விடுகிறது. ஸ்டேஷனில் இறங்கிய காவடிகள் ஆண்டின் நாள் கணக்குக்கு ஒன்றாக 365 படி ஏறிப் போகின்றன. டிசம்பர் 31 இரவு அதே படிகளில் திருப்புகழ் பாடிக்கொண்டு படிபூஜை நடக்கிறது. புரட்டாசியில் சென்னையிலிருந்து கிளம்பும் திருப்பதிக் குடைகள் நடந்தேதான் திருவள்ளூரைக் கடக்கின்றன. ஆடி பிறந்தால் பெரியபாளையம் பவானி அம்மனுக்கு ஒரு காலத்தில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து, ஆரணியாற்றங்கரையில் பொங்கலிட்டு, இரவு தங்கிப் போனார்கள். இப்போது மாட்டுவண்டியின் இடத்தில் வேனும் ஷேர் ஆட்டோவும் வந்திருக்கின்றன. சிறப்புப் பேருந்துகளும் ஓடுகின்றன.

யாத்திரிகர்கள் ஏன் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் பழகியிருக்கிறார்கள், சுற்றுலாப் பயணிகள் ஏன் பழகவில்லை? பக்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கோயிலுக்குக் கூட்டம் எந்த நாளில் வரும் என்று ரயில்வேக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் பஞ்சாங்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதற்கேற்ப வண்டி விடுகிறார்கள். வண்டி வரும் என்ற நம்பிக்கையில் மக்கள் காரை எடுக்காமல் வருகிறார்கள். ஏரி பார்க்க வருகிறவருக்குப் பஞ்சாங்கத்தில் நாள் குறிக்கப்படவில்லை. அவருக்காக ஒரு பஸ் காத்திருக்கும் என்று சொல்ல யாரும் இல்லை.

இதற்குச் சரியான உதாரணம் பழவேற்காடு. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்க, தென்கோடி தமிழ்நாட்டில் இருக்கிறது. 1980இல் அது பறவைகள் சரணாலயமானது. கார்த்திகையில் தொடங்கிப் பங்குனி வரை பூநாரைகள் சேற்றைக் கிளறிக்கொண்டு நிற்கும். ஊருக்குள் நடந்தால் நானூறு ஆண்டு வரலாறு. டச்சுக்காரர்கள் 1613இல் கட்டி முடித்த கெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடாகவும் அகழியாகவும் மிஞ்சியிருக்கிறது. 1690இல் தலைமையகம் நாகப்பட்டினத்துக்குப் போகும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய அரசாங்கம் இங்கிருந்துதான் நடந்தது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் வருகிறவர்களை வரவேற்கின்றன. ராமாயணக் கதையை விரற்கடை அளவுச் சிற்பங்களாகச் செதுக்கி வைத்திருக்கும் ஆதிநாராயணப் பெருமாள் கோயில், சூரியக் கடிகாரம் வைத்த பள்ளிவாசல், பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடையும் தெருக்கள், மீன் ஏலம் நடக்கும் கரை ஆகியவை ஒரு காலை நேர நடைக்குள் அடங்கிவிடும்.

கவனிக்க வேண்டியது இதுதான். பழவேற்காட்டுக்குள் வந்தபின் காரால் பயன் ஒன்றுமில்லை. தெருக்கள் குறுகல்; பார்க்க வேண்டியவை நடை தூரம். சென்னையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் ஓட்டி வந்த கார், கோட்டை மேட்டுக்கு அருகிலோ பாலத்தைத் தாண்டிக் கலங்கரை விளக்கக் குப்பத்து மணலிலோ நாள் முழுக்க வெயில் காய்கிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் என்றால் போய்வர 8 லிட்டர் பெட்ரோல் எரியும். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 2.3 கிலோ கரியமில வாயுவைக் கக்கும் என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை உல்லாசத்தின் கணக்கு 18 கிலோவைத் தாண்டுகிறது. ரயிலிலும் சாதாரணக் கட்டணப் பேருந்திலும் வரும் ஒரு பெண்ணுக்கு அதே பயணத்தின் செலவு போகவர 20 ரூபாய். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. குடும்பத்தோடு வரும் ஆண்களுக்கு இன்னும் சில பத்து ரூபாய்கள் கூடும். எட்டு லிட்டர் பெட்ரோல் விலையை நினைத்துப் பார்த்தால் கணக்கு தானே புரியும்.

அப்படியிருந்தும் பொன்னேரியில் இறங்குகிறவர்களில் எத்தனை பேர் ஏரி பார்க்க வந்தவர்கள்? விரல்விட்டு எண்ணலாம். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு 18 கிலோமீட்டர். அரசுப் பேருந்துகள் போகின்றன. ஆனால் அவை ரயிலைப் பார்த்துக் கிளம்புவதில்லை. எப்போது அடுத்த பஸ் என்று ஸ்டேஷனில் எழுதியிருப்பதில்லை. மாலையில் திரும்பும் கடைசி வண்டியைத் தவறவிட்டால் என்ன செய்வது என்ற பயமே பாதிப் பேரைக் காருக்குத் தள்ளிவிடுகிறது. இதற்கு மேல், புறநகர் ரயில்கள் ஞாயிறன்று குறைவாக ஓடுகின்றன. அலுவலகமும் தொழிற்சாலையும் போகிறவர்களை நினைத்து எழுதிய அட்டவணை அது. அவர்கள் ஓய்வெடுக்கும் நாளில் ரயிலும் ஓய்வெடுக்கிறது. ஊர் சுற்ற மனிதனுக்கு நேரம் கிடைக்கும் ஒரே நாள் அது என்பது அட்டவணை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

வடக்குப் பாதையில் ரயிலைக் கூட்டுவதும் எளிதல்ல. அத்திப்பட்டைத் தாண்டினால் தண்டவாளங்கள் இரண்டாகச் சுருங்கிவிடுகின்றன. ஹவுரா, டெல்லி பக்கம் போகும் விரைவு ரயில்கள், நிலக்கரி வண்டிகள், லோக்கல்கள் எல்லாம் அந்த இரண்டில்தான் முண்டியடிக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி வரை கூடுதல் தண்டவாளம் வேண்டும் என்பது இந்தப் பாதையில் பயணிப்பவர்களின் பழைய கோரிக்கை.

பழவேற்காட்டைப் பற்றிப் பேசும்போது 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளை மறைக்க முடியாது. அன்று சுற்றுலாப் பயணிகளை அளவுக்கு மேல் ஏற்றிய படகு ஏரியில் கவிழ்ந்து 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். உயிர்காக்கும் மிதவை உடை இல்லை. அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடை வேண்டியிருந்தது. ஆனால் தடையோடு நிறுத்திக்கொண்டதில் இரண்டு நஷ்டம்: பயணிகளிடமிருந்து முறையாகச் சம்பாதிக்கும் வழி மீனவர்களுக்குக் கிடைக்கவில்லை, கண்காணிப்பு இல்லாத திருட்டுச் சவாரிகளுக்கு இடமும் உண்டானது. துடுப்புப் படகு, ஆள் கணக்கு, மிதவை உடை, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் உரிமம் என்று ஒழுங்குபடுத்துவது ஆகாத காரியமல்ல.

நீர்வழி இந்த வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. சென்னையிலிருந்து எண்ணூருக்கு 1806இல் வெட்டத் தொடங்கிய காக்ரேன் கால்வாய், பிறகு பழவேற்காடு ஏரி வரை நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக மேலும் வெட்டப்பட்டு, 1878இல் அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது. காக்கிநாடாவிலிருந்து விழுப்புரம் மாவட்டம் வரை ஏறக்குறைய 800 கிலோமீட்டர். உப்பும் விறகும் சிப்பிச் சுண்ணாம்பும் அதில் பாய்மரத்தாலும் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் பட்டணத்துக்கு வந்தன, ஆட்களும் வந்தார்கள். புகையே இல்லாத பயணத்துக்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா? 2008இல் இந்தக் கால்வாய் தேசிய நீர்வழி 4இன் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது. எண்ணூர்ப் பகுதியில் இன்று அதன் நிலைமையைப் பார்த்தால், சுற்றுலாப் படகு விடுவதைப் பற்றிப் பேசுவதே கிண்டலாகப்படும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலையாற்றில் பரவிய எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தை எப்படிக் கறுப்பாக்கியது என்பது மீனவர்களுக்கு மறக்கவில்லை. கால்வாய்ப் பயணம் மீள வேண்டுமானால் முதலில் தண்ணீர் மீள வேண்டும். அது சுற்றுலாத் துறையால் மட்டும் ஆகிற வேலையல்ல.

மேற்குப் பக்கத்தில் வேறொரு வகைப் பயணி வருகிறார். திருவள்ளூரிலிருந்து சிறிது தூரத்தில், 1944இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கம். அதன் அருகே தமிழ்நாடு தொல்லியல் துறையின் பழங்கற்கால அகழ்வைப்பகம். அந்த வட்டாரத்து அதிரம்பாக்கத்தில்தான் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். சாந்தி பப்பு தலைமையிலான குழுவின் ஆய்வு, அங்கே மனித இனம் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கோடரி செய்தது என்று 2011இல் காட்டியது. உலகத் தொல்லியல் வரைபடத்தில் இடம்பெற்ற இந்த ஊருக்கு, காரில்லாமல் வரும் கல்லூரி மாணவர் திருவள்ளூரில் பஸ் மாறி, இறங்கி, வழி கேட்டுக் கேட்டு நடக்க வேண்டியிருக்கிறது. குடியம் குகைகளுக்குப் போக வேண்டுமானால் காட்டுவழியில் நெடுந்தூரம் நடை. நடப்பது நல்லதுதான், எங்கே நடப்பது என்று சொல்லும் பலகைகள் போதுமான அளவு இருந்தால் இன்னும் நல்லது.

ஆந்திர எல்லை தாண்டினால் காட்சி கொஞ்சம் மாறும். சூலூர்பேட்டையில் லோக்கலை விட்டு இறங்கி ஸ்ரீஹரிகோட்டா சாலையில் போனால், ஏரியின் நடுவே போகும் அந்தச் சாலையிலிருந்தே பூநாரைக் கூட்டங்களைப் பார்க்கலாம். கூழைக்கடாக்கள் கூடுகட்டும் நேலப்பட்டு, தொரவாரிசத்திரம் ரயில் நிலையத்துக்கு அருகில்தான் இருக்கிறது. ஆந்திர அரசு சூலூர்பேட்டையை மையமாக வைத்துப் பூநாரைத் திருவிழா நடத்துகிறது. சில ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2025 ஜனவரியிலும் நடந்தது. திருவிழா என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு நாள் இருக்கும், நாள் இருந்தால் பஸ் வரும். மேலே சொன்ன பஞ்சாங்க விஷயத்தை ஆந்திரர்கள் பறவைக்கும் பொருத்திவிட்டார்கள்.

காருக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களையும் எடைபோட வேண்டும். முழங்கால் வலியோடு இருக்கும் பாட்டி, கைக்குழந்தை, சாப்பாட்டுத் தூக்கு, மாலையில் இருட்டிவிடுமோ என்ற அச்சம் எல்லாம் கற்பனையல்ல. மேம்பாலப் படியேறி நடைமேடை மாற முடியாதவருக்கு 'ரயிலில் வாருங்கள்' என்பது அறிவுரை அல்ல, அலட்சியம். நிலையத்தில் சுத்தமான கழிப்பறை இல்லையென்றால் பெண்கள் காரைத்தான் தேடுவார்கள். அதை யாரும் குறை சொல்ல முடியாது. கார் இல்லாத சுற்றுலாவுக்குப் பணம் எங்கே போட வேண்டும் என்று கேட்டால் மின்சாரக் கார்களுக்கான சார்ஜிங் நிலையத்தை முதலில் காட்டுகிறவர்கள் உண்டு. பொன்னேரி நிலையத்தின் கழிப்பறையும் லிப்டும்தான் முதலில் வர வேண்டும்.

அடுத்து, யார் செய்வது? சென்னைப் பெருநகர எல்லை 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதிகளும் அதற்குள் வந்துவிட்டன. ரயில், மெட்ரோ, பேருந்து மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பதற்கென்றே கும்டா என்ற ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. அது 2025 செப்டம்பரில் கொண்டுவந்த 'சென்னை ஒன்' செயலியில் மாநகரப் பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் புறநகர் ரயிலுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம். 2021 முதல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்து வடக்கு ரயில் பாதையைத் தொட்டுவிட்டது. டிக்கெட் ஒன்றாகிவிட்டது, நேரம்தான் இன்னும் ஒன்றாகவில்லை. செயலியில் சேர்ந்திருக்கும் ரயிலும் பஸ்ஸும் பொன்னேரியில் பிரிந்தே நிற்கின்றன.

மாவட்டம் முழுவதையும் கார் இல்லாததாக்கும் கனவு தேவையில்லை. அது நடக்கவும் நடக்காது. மூன்று இடங்களை, மூன்று காலங்களை எடுத்தால் போதும். செவ்வாய்க்கிழமைகளில் சிறுவாபுரி, ஆடி ஞாயிறுகளில் பெரியபாளையம், மார்கழி முதல் மாசி வரை ஞாயிறுகளில் பழவேற்காடு. முதலிரண்டுக்கும் நிலக்கல் முறை பொருந்தும்: நெடுஞ்சாலை ஓரத்திலேயே வண்டி நிறுத்தம், அங்கிருந்து இடைவிடாத சிற்றுந்து; கிராமச் சாலையில் உள்ளூர்க்காரர்களும் முதியவர்களும் மட்டும். பழவேற்காட்டுக்கு நிறுத்தமே வேண்டாம், ரயிலே போதும். வந்து நிற்கும் லோக்கலுக்குப் பத்து நிமிடம் கழித்து பஸ் கிளம்ப வேண்டும். மாலையில் கடைசிப் பஸ் கடைசிக்கு முந்திய லோக்கலைப் பிடிக்கும்படி வர வேண்டும். கூடுதல் பஸ்ஸுக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும். தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் ஒப்பந்தப் பேருந்துகள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி நிறையவே உண்டு. ஞாயிறன்று அவற்றில் பலவற்றுக்கு வேலையில்லை. ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியில் மரக்கன்று நட்டுப் புகைப்படம் எடுப்பதற்குப் பதிலாக, பனிக்கால ஞாயிறுகளில் நான்கு பஸ் ஓட்டலாம்.

ஆட்டோக்காரர்களைத் தள்ளிவிட்டு இதைச் செய்யக் கூடாது. பொன்னேரியிலும் பழவேற்காட்டிலும் ஷேர் ஆட்டோதான் பல குடும்பங்களின் பிழைப்பு. பேருந்து போகாத மீனவக் கிராமங்களுக்கு நிர்ணயித்த கட்டணத்தில் அவர்களை ஓட்டச் சொன்னால், கார்க்காரர்கள் கண்ணில் படாத கரைகளும் பயணிகளுக்குத் திறக்கும். மாத்தேரானின் கைரிக்‌ஷாக்காரர்களுக்கு மாற்று வழி கிடைப்பதில் நேர்ந்த தாமதம் இங்கே நேர வேண்டியதில்லை.

பெரிய முதலீடு எதுவும் இல்லாமல் நாளையே தொடங்கக் கூடியது, பொன்னேரி நிலைய வாசலில் ஒரு பலகை: பழவேற்காட்டுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு, அங்கிருந்து கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு. பஸ்ஸில் கூட்டம் ஏறினால்தான் கழகம் கூடுதல் நடை விடும். கூட்டம் ஏற வேண்டுமானால் யாராவது முதலில் ஏற வேண்டும். இந்தப் பருவத்தில் பூநாரை பார்க்கக் கிளம்புகிறவர்கள், ஒரு முறையாவது மூர் மார்க்கெட்டில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடியுங்கள். பொன்னேரியில் இறங்கி நேரக் காப்பாளரிடம் திரும்பும் கடைசிப் பஸ்ஸைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காத்திருக்க நேர்ந்தால் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்பதை ரயில்வேக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் கும்டாவுக்கும் ஒரு புகாராக அனுப்புங்கள்.